பாறைக்குப் பக்கத்தில் ஓர் அறை

கால்கரி
ஆகஸ்ட் 19, 1996

ரோ,

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் “திராட்சைக் கொடியில இலை கிள்ளிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசு” என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிக்காதே.

அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நான் பென்டிக்டன் வருகிறேன். டங்கனும் ஐவியும் கூட வருகிறார்கள். நம் பாதையை ஏறி முடிக்க வேண்டும், ரோ. நீயும் நானும் ஒரு கோடை முழுவதும் பாறையில் தொங்கிக்கொண்டு, ஏறும்போது கயிறு மாட்டப் போல்ட் அடித்த பாதை. முதல் போல்ட்டில் கட்டிய சிவப்பு நாடா இன்னும் இருக்கிறதுதானே? நாடா இருக்கிறவரை வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே பயமாகத்தான் இருக்கிறது. முதலில் ஏறுகிறவர்கள் வைப்பதுதான் பாதையின் பெயர், அது பாறை ஏறுகிறவர்களின் வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அப்புறம் மாறாது. ஐவி வயிற்றில் இருந்தபோது வாந்திக்கு நடுவிலும் நான் அந்தப் பெயரைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை. ஏறிய பிறகு இருவரும் சேர்ந்து வைப்போம்.

உன்னிடம் ஓர் உதவி. நாங்கள் தங்க ஓர் இடம் பார்த்துச் சொல். ஊர் உனக்குத்தான் தெரியும். முன்போல் கூடாரம் அடிக்க முடியாது. ஐவிக்கு வயிற்று வலி, இரவெல்லாம் அழுகிறாள். விடியற்காலை நான்கு மணிக்குத்தான் கண் மூடுகிறாள், ஒன்பது வரை தூங்குவாள். நான் உயிரோடு இருப்பது அந்த நேரத்துத் தூக்கத்தால்தான். அது கிடைத்தால் பத்து மணிக்குப் பாறையடியில் நிற்பேன், உனக்கு எந்தத் தொந்தரவும் தர மாட்டேன். குழந்தையை டங்கன் பார்த்துக்கொள்வார்.

சீக்கிரம் எழுது.

கிரெட்டா

•

பென்டிக்டன்
ஆகஸ்ட் 28

கிரெட்டா,

நாடா இருக்கிறது. வெயிலில் வெளுத்து இப்போது இளஞ்சிவப்பு. போன மாதம், இங்கே பாறை ஏறுகிற டாரில் கேட்டான், “இது யாரோட பாதை, இன்னும் எத்தன வருஷம் கட்டி வெச்சிருப்பீங்க?” என்று. “என் கூட்டாளி பால் குடுத்துக்கிட்டு இருக்கா, முடிச்சதும் வருவா” என்றேன். கூட நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ கேட்ட இடங்கள்.

ஒன்று: ஏரிக்கரை மோட்டல். வாசலிலேயே தண்ணீர். மலிவு.

இரண்டு: பாறைக்குப் போகும் வழியில் ஒரு மரக் குடில். மேலே பரண் போலப் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். விறகு அடுப்பு. நீ இதில்தான் மயங்குவாய், பழைய கிரெட்டா என்றால்.

மூன்று: மலைச்சரிவில் கொலம்பியா முகாம். சமையலறை பொது. கிலுகிலுப்பைப் பாம்புகள் குளிர்காலத்துக்குப் பாறை இடுக்குக்குத் திரும்புகிற காலம் அது, பாதையில் படுத்திருக்கும். அவற்றுக்கும் தங்க இடம் தேடுகிற நேரம்தானே.

எதையாவது எடு. நீண்ட வாரக்கடைசி, அறுவடைக் கூட்டம் வேறு. ஒரு வாரத்தில் எல்லாம் நிரம்பிவிடும்.

ரோ

•

கால்கரி
செப்டம்பர் 5

ரோ,

கோபித்துக்கொள்ளாதே. மூன்றும் சரிப்படவில்லை.

மோட்டலுக்குப் போன் செய்து கேட்டேன், வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலி இல்லையாம். ஐவி தவழ்கிறாள். நீ சிரிப்பது கேட்கிறது, பன்னிரண்டு அடி தவழ்ந்து ஏரிக்குள் போகுமா என்று. போகும். நேற்று நான் பால் புட்டியைக் கழுவித் திரும்புவதற்குள் மாடிப்படிக்குப் போய்விட்டாள். குடிலில் ஏணி, விறகு அடுப்பு. அடுப்பைச் சுற்றித் தடுப்பு உண்டா என்று கேட்டதற்கு அந்த ஆள் “எதுக்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். பாம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீ வேண்டுமென்றே எழுதினாய்.

டங்கன் சொல்கிறார், “நீ பாறை ஏறப் போறியா, இல்ல ஆஸ்பத்திரி கட்ட எடம் பாக்கப் போறியா?” என்று. எல்லோருக்கும் நான் வேடிக்கையாகிவிட்டேன்.

மறுபடி பார்க்கிறாயா? எனக்குத் தேவை இவ்வளவுதான். தரையோடு ஒரே தளம். பக்கத்தில் தண்ணீர் கூடாது. நெருப்பு கூடாது. மதுக்கடை, ரயில், நெடுஞ்சாலைச் சத்தம் கூடாது. முக்கியமாக அந்த விடியற்காலைத் தூக்கம்.

வாரம் மூன்று நாள் உள்ளரங்கச் சுவரில் பயிற்சி செய்கிறேன். மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க ஏறுகிறேன். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது? விரல்களில் பலம் திரும்பிவிட்டது. நம் பாதையின் நடுவில் வரும் அந்த ஒற்றை விரல் பிடியை நினைத்துக்கொண்டே குழந்தையை ஆட்டுகிறேன்.

கிரெட்டா

•

பென்டிக்டன்
செப்டம்பர் 14

கிரெட்டா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐவியும் டங்கனும் எத்தனை முறை வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நான் எத்தனை முறை வருகிறேன் என்றும்.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். இந்த ஊருக்கு நாம் இருவரும் குடிவருவதாக இருந்தது. மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் பிழைப்பதாக இருந்தது. நான் வந்தேன். நீ “அடுத்த மாசம் வரேன்டி” என்றாய். அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதிலிருந்து நான் காட்ஷாக் அம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு இருக்கிறேன், தோட்டத்து ஓரம் அவள் கொடுத்த சக்கர வீட்டில், டிரெய்லரில், தூங்குகிறேன். நம் பாறைக்குப் போகும் வழி அவள் மேல்வயல் வழியாகத்தான் போகிறது என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். “ஒன் சிநேகிதங்க ரெண்டு மூணு பேர்னா போய்க்கட்டும்” என்று அவள் சொன்னதே என் முகத்துக்காகத்தான்.

சரி. உனக்கு இடம் கிடைத்துவிட்டது. காட்ஷாக் அம்மாளின் தோட்டத்துக்கு நடுவிலேயே ஒரு சின்ன வீடு இருக்கிறது, முன்பு அவள் மகன் இருந்தது. ஒரே தளம். மின்சார அடுப்பு. சுற்றிலும் திராட்சைக் கொடிகள், தண்ணீர் கிடையாது, சாலை கிடையாது. பாறைக்கு நடந்தே போய்விடலாம். இந்த வருஷம் குளிரால் பழுக்கத் தாமதம், அந்தப் பக்கத்து ரீஸ்லிங் திராட்சையை நீ வரும்போதும் பறித்திருக்க மாட்டார்கள், பார்க்க அழகாக இருக்கும்.

வேண்டுமென்றால் சொல். நானே பேசி முடிக்கிறேன்.

ரோ

•

கால்கரி
செப்டம்பர் 20

என் ரோ,

வேண்டும். வேண்டும். உடனே பேசி முடி.

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுதேன். நீ சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதற்குப் பதில் எனக்கு எழுதத் தெரியவில்லை, நேரில் வந்து சொல்கிறேன். இரண்டாம் பாதியைப் படித்து டங்கனிடம் காட்டினேன். “அவ ஒன்ன மன்னிச்சிட்டா போல” என்றார். அப்படித்தானா?

ஒன்றே ஒன்று. அங்கே அமைதியாக இருக்குமா? இரவு, விடியற்காலை. நீ “ஆமா” என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கிரெட்டா

•

பென்டிக்டன்
செப்டம்பர் 27

பேசி முடித்துவிட்டேன். சாவி கதவிலேயே இருக்கும்.

இரவில் அங்கே ஆந்தைகூட மெதுவாகத்தான் கூப்பிடும். வா.

ரோ

•

கால்கரி
அக்டோபர் 15

ரோவெனா,

காரை நிறுத்தி இறங்கியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

நீ எழுதியது உண்மை. இரவு அமைதியாகத்தான் இருந்தது. ஐவி அழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நான்கு மணிக்கு அவள் கண் மூடினாள். நானும் மூடினேன். வெளிச்சம் லேசாக எட்டிப்பார்த்ததும் சன்னலுக்கு வெளியே பீரங்கி வெடித்தது. பீரங்கி என்றுதான் நினைத்தேன். டங்கன் கட்டிலிலிருந்து விழுந்தார். குழந்தை அழக்கூட இல்லை முதலில், மூச்சே வராமல் நீலம் பாய்ந்து கிடந்தாள். அப்புறம் அழுதாள். அடங்கப் போகிற நேரத்தில் அடுத்த வெடி. அப்புறம் அடுத்தது. இருட்டும்வரை.

காட்ஷாக் அம்மாள் காபியோடு வந்தார். பறிக்காத பழத்தைத் தின்ன ஸ்டார்லிங் பறவைகள் மேகம் மேகமாக இறங்கும், அவற்றை விரட்டத்தான் கேஸ் வெடிக்குழாய், பறித்து முடிக்கிறவரை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒரு காலைக்குள் தோட்டம் காலி என்றார். அப்புறம் ஐவியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

“ரோவெனா ஒங்ககிட்டச் சொல்லலியா கண்ணு? கைக்கொழந்தைன்னா இந்த மாசம் வேணாம்னு நான் ரெண்டு தடவ சொல்லச் சொன்னேனே. அவங்க பரவால்லன்னுட்டாங்கன்னு சொன்னாளே.”

அந்தக் குழாய்க்குக் கேஸ் நிரப்புவது யார் வேலை என்றும் கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்.

வேறு இடத்துக்குப் போகலாமென்று ஊர் முழுக்கச் சுற்றினோம். ஓர் அறை இல்லை. மறுநாள் காலை நான் பாறையடிக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்தாய். கயிறு கட்டும் இடுப்புச் சேணத்தை மாட்டினேன், வார் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது. நீ அதற்குத்தான் காத்திருந்ததுபோல் எல்லோர் முன்னாலும் சொன்னாய், “தூங்காதவ கையில நான் என் கயித்தக் குடுக்க மாட்டேன். நாளைக்குத் தூங்கிட்டு வா.” டாரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டங்கன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அவ சொல்றது சரிதானே கிரெட்டா” என்றார். சரிதான். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தது.

திங்கள்கிழமை ஐவியை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக மேலே வந்தேன். நாடா இல்லை. முதல் போல்ட்டிலிருந்து மேலே வரை, ஏறும்போது கையில் பூசும் வெள்ளைப் பொடியின் புதுத் தடங்கள். நீ எங்கேயும் இல்லை.

இரண்டு கேள்வி. வேண்டுமென்றே செய்தாயா? நாடாவை எடுத்தது யார்?

கிரெட்டா

•

பென்டிக்டன்
அக்டோபர் 26

கிரெட்டா,

வேண்டுமென்றே செய்தேன். நாடாவை எடுத்தது நான்.

ஏணி இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா, வேலி இருக்கிறதா, ரயில் இருக்கிறதா என்று கேட்டாய். பறவை இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. ஐந்து அறுவடை நாம் இந்தப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்திருக்கிறோம். இந்த வெடிச் சத்தத்தில் நீயும் நானும் எழுந்து, “நம்ம அலாரம் அடிச்சிருச்சுடி” என்று காபிக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்திருக்கிறோம். கொடியில் பழம் இருக்கிறது என்றும் எழுதினேன். படித்ததும் உனக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நீ வேண்டாமென்று எழுதியிருப்பாய், நானும் வேறு இடம் பார்த்திருப்பேன். உனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நம் காலைகளை நீ துடைத்துப் போட்டுவிட்டாய். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாரில் கயிறு பிடித்தான். முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டேன். அந்த ஒற்றை விரல் பிடி நீ நினைப்பது போல் கடினமில்லை. மேலே போய் உட்கார்ந்தபோது கீழே காட்ஷாக் அம்மாளின் தோட்டப் பாதையில் உங்கள் கார் தெரிந்தது. குழந்தையைத் தூங்க வைக்க அங்கேயும் இங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தாய். கண்ணாடி மேலே ஏற்றியிருந்தும் அழுகை பாறைவரை கேட்டது.

அதனால் பெயருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘பாப்பா அழுவுது.’ புத்தகம் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டேன். வசந்தத்தில் அச்சுக்குப் போகிறது. பள்ளத்தாக்கில் இந்த வருஷத்தின் சிறந்த பாதை என்று எழுதப் போகிறாராம். வழி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் வரைபடத்தோடு.

உன் மகள் பெரியவளானதும் கூட்டி வந்து காட்டு. அவளுக்காக வைத்த பெயர்தான் என்று சொல்.

ரோவெனா

•

பென்டிக்டன்
ஜனவரி 21, 1997

கிரெட்டா,

அக்டோபருக்குப் பிறகு நீ எழுதவில்லை. எழுத மாட்டாய் என்றுதான் நானும் இருந்தேன்.

காட்ஷாக் அம்மாள் மேல்வயலில் இரும்புக் கேட் போட்டுவிட்டாள். பூட்டு. ‘அத்துமீறினால் வழக்கு’ என்று பலகை. நான் போய்க் கேட்டேன். “நீ ரெண்டு மூணு சிநேகிதங்கன்னுதான சொன்ன? புஸ்தகத்துல படம் போட்டு ஊரையே கூப்புடுறியாமே. எவனாவது விழுந்து செத்தா கோர்ட்டுக்கு நானா போறது?” என்றாள். புத்தகம் வரும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? இவள் பாறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தச் செய்தியை எழுத்தில் வைத்திருப்பது நீ ஒருத்திதான்.

புத்தகம் போடுகிறவர் நேற்று கூப்பிட்டார். பூட்டிய நிலத்துப் பாதைகளைச் சேர்ப்பதில்லையாம். பாறை முழுவதையும் எடுத்துவிட்டார். என் பாதை மட்டும் இல்லை. டாரில் ஐந்து வருஷமாகப் போட்ட பாதைகளும் போயிற்று. அவன் என்னோடு பேசுவதில்லை. ஊரில் யாரும் பேசுவதில்லை. காபிக்கடை மேசையில் நான் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள்.

உன் மீது கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது கேட்கத்தான் செய்கிறேன். காட்ஷாக் அம்மாளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. உன் குழந்தையை மடியில் வைத்திருந்ததைப் பற்றி இன்னும் பேசுகிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்டைத் திறப்பாள். வருகிற ஆட்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வதாகச் சொல், நான் காவல் இருப்பதாகச் சொல்.

பெயரை எடுத்துவிடுகிறேன். நான் ஏறியதையே இல்லையென்று சொல்லிவிடுகிறேன், டாரிலையும் சொல்ல வைக்கிறேன். நாடாவை மறுபடி கட்டுகிறேன். நீ வந்து ஏறு. கயிறு நான் பிடிக்கிறேன். நீயே பெயர் வை. நீ கேட்டது அதுதானே? அவ்வளவையும் எடுத்துக்கொள்.

எனக்கு இந்த ஊரில் அந்தப் பாறையைத் தவிர ஒன்றும் கிடையாது, கிரெட்டா. உனக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

ரோ

•

கால்கரி
பிப்ரவரி 3

ரோவெனா,

உன் அக்டோபர் கடிதம் வந்த மறுநாள் காட்ஷாக் அம்மாளுக்குப் போன் செய்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் கற்றேன், ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருக்க வேண்டும் என்று. புத்தகம் வருகிறது என்றேன், வரைபடம் இருக்கிறது என்றேன், கோடையில் வாரக்கடைசிக்கு எத்தனை கார் வரும் என்று கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். பாறை முழுவதும் போகும் என்று எனக்குத் தெரியும். டாரிலை நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

நீ கெஞ்சி எழுதியதை மூன்று நாள் வைத்திருந்தேன். டங்கன் படித்துவிட்டு, “பாவம், விட்டுரு. அவளுக்குன்னு வேற யாரு இருக்கா?” என்றார். விட்டுவிடலாம் என்று ஒரு மதியம் முழுக்கத் தோன்றியது. பாறைமேல் உட்கார்ந்துகொண்டு காரைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். இறங்கி வரவில்லை.

அதனால் நேற்று காட்ஷாக் அம்மாளிடம் மறுபடி பேசினேன். நீ சொன்னது சரி, அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது. கேட்டின் சாவியை எனக்குக் கொடுக்கிறார். எனக்கும் டங்கனுக்கும் மட்டும், வேறு யாரையும் அழைத்து வரக்கூடாது என்று. டங்கன் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதலில் ஏறியது யார் என்று நீயும் டாரிலும் சத்தியம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பூட்டிய பாறையில் யார் ஏறினாலும் புத்தகத்தில் வரப்போவதில்லை. பெயர் எனக்கு வேண்டாம். ஏறினால் போதும்.

தங்குவதற்கு அந்த நடுத்தோட்டத்து வீட்டைத் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்றேன். கேட்டுக்குப் பக்கமாக, தோட்டத்து ஓரத்தில் ஏதாவது இருந்தால் குழந்தையை வைத்துக்கொண்டு வசதி என்றேன். “டிரெய்லர் இருக்கு, ஆனா அதுல ரோவெனா இருக்காளே” என்றார். அப்புறம் அவரேதான் சொன்னார், “நான் ரெண்டு தடவ சொல்லியும் சொல்லாம விட்டவதான அவ” என்று.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அது எங்களுக்கு. மார்ச் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி உன்னிடம் இந்த வாரமே பேசுவார். முந்திக்கொண்டு நான் எழுதுவது ஒரே ஒரு காரணத்துக்காக.

மெத்தையை நீ எடுத்துக்கொண்டு போகிறாயா, விட்டுவிட்டுப் போகிறாயா? அதைப் பொறுத்துத்தான் நான் இங்கிருந்து வாங்கி வர வேண்டும்.

கிரெட்டா